கூச்சலிடாத கடன்

எட்டயபுரத்தை அடுத்த கரிசற் கிராமம் ஒன்றில் பிறந்தவள் நான். வானம் பார்த்த பூமி எங்களுடையது. ஐப்பசி மழை ஏமாற்றினால் உளுந்தும் பருத்தியும் மல்லியும் கைவிட்டுவிடும். அப்போது பெண்களுக்கு எஞ்சுவது தீப்பெட்டி வேலை; அதுவும் போதாதபோது வட்டிக்காரர் வாசல்.

1999-ஆம் ஆண்டு எங்கள் ஊரில் பதினாறு பெண்கள் கூடி மகளிர் சுய உதவிக் குழு ஒன்றைத் தொடங்கினர். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-இல் தருமபுரியில் அரசு தொடங்கிய முயற்சி, மற்ற மாவட்டங்களுக்கும் பரவியிருந்த காலம் அது. 1992 முதல் நபார்டு வங்கியின் ஏற்பாட்டால் இத்தகைய குழுக்கள் வங்கிக் கடனும் பெற்று வந்தன. எங்கள் குழுவில் ஆளுக்கு மாதம் 30 ரூபாய் சேமிப்பு. கடனுக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. பள்ளியிறுதி வரை படித்த இளம்பெண் என்பதால் கணக்கெழுதும் பணி என்னிடம் வந்தது.

மறு ஆண்டு ஓர் அக்காள் மூன்று மாதங்களாகத் தவணை செலுத்தவில்லை. "இனி வங்கி நம்மை நம்புமா?" என்று மற்றவர்கள் கொதித்தனர். நானும் அவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதி, கணக்கு நோட்டோடு அவர் வீட்டுக்குச் சென்றேன்.

அவர் தலை நிமிரவில்லை. "தாயி, உங்க கடன் சத்தம் போடாது. அவன் தெருவுல நின்னு சத்தம் போடுறான். அதான் அவனுக்கு முதல்ல குடுத்தேன்" என்றார்.

வட்டிக்காரரிடம் அவர் வாங்கியது 3,000 ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து. மாதம் 300 வீதம் ஆறு மாதங்களில் 1,800 ரூபாய் கட்டியும் முதலில் ஒரு காசும் குறையவில்லை. வறியவர் பணத்தை மட்டும் இழப்பதில்லை. மானத்தைக் காக்கவே பணத்தை இழக்கிறார் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னபோது நெடுநேரம் எவரும் பேசவில்லை. கையெழுத்திடவும் அறியாத மூதாட்டி ஒருவர், "இன்னிக்கு அவ, நாளைக்கு நாம" என்றார். அந்தச் சொல் போதுமாயிருந்தது. பொதுச் சேமிப்பிலிருந்து 3,000 ரூபாய் எடுத்து, மூன்று பெண்கள் துணைக்குச் சென்று கடனை அடைத்து, புரோநோட்டைத் திரும்பப் பெற்று வந்தனர். வட்டி 300-லிருந்து 60 ஆகக் குறைந்தது. ஆடு விற்றும், மாசியில் மல்லி விற்றும் அவர் முழுவதையும் செலுத்தினார். சிவப்பு மைக்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

2001-இல், மதுரைக்கருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த கூலித் தொழிலாளியும் களஞ்சியம் இயக்கத் தலைவியுமான சின்னப்பிள்ளைக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கினார். அச்செய்தி கேட்டு எங்கள் பெண்கள் கண் கலங்கினர். வணங்கப்பட்டது ஒருவரின் கால் அன்று, அவர்களுடைய கால்களுந்தாம்.

சேமிப்பு மழையைக் கொண்டுவராது. இன்று கடன் தர வாசல்தேடி வருவோரும் பலர். அவருள் கூச்சலிடுவோரும் உண்டு. ஆகவே அன்புத் தாய்மாரே, இளைஞரே, உங்கள் குழுவில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: தவணை தவறிய சகோதரியின் வீட்டுக்கு நாம் எதற்காகச் செல்கிறோம்?