கல் கிடந்த இடம்

பரிணாமத்துக்குச் சான்று கேட்கும் மாணவர்களைத் திருச்சியிலிருந்து சென்னைச் சாலையில் பாடாலூர் வரை கூட்டிப்போய், ஊட்டத்தூர், காரை என்று கிழக்கே திருப்பிவிடுவேன். பழைய கடலின் அடித்தரை அது. அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்திருப்பதால், போகப் போக வயது குறையும். ஊட்டத்தூர் அடுக்குகளுக்குச் சுமார் 10 கோடி ஆண்டு. அரியலூர் தாண்டி நின்னியூர் வந்தால் 6 கோடிச் சொச்சம்.

காரையில் தேட, மழை விட்ட மறுநாள் காலை நல்லது. சாய்ந்த வெயிலில் களிமண் மேடெல்லாம் ஜிப்சம் மினுங்கும். கண் அதில் போகக் கூடாது. மங்கலாய், ஆனால் ஒழுங்காய் வளைந்த விளிம்பைத் தேட வேண்டும். அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரின் ஓடு முழுசாகக் கிடைப்பது அரிது, சுருளில் கால்வாசி கிடைத்தாலே போதும். மேலோடு உதிர்ந்த இடத்தில் நெளிநெளியாக ஒரு கோடு ஓடும். உள்ளறைகளைப் பிரித்த தடுப்பு ஓட்டைத் தொட்ட தடம் அது. அதன் உறவான நாட்டிலஸில் அதே கோடு வெறும் வளைவு.

பார்த்ததும் எடுக்க விடமாட்டேன். முதலில் அடுக்கைக் குறி, படம் எடு. ஸ்ரீரங்கத்து வீடுகளில் பூஜையிலிருக்கும் சாளக்கிராமம் பலவும் அம்மோனைட்தான். பூஜைக்கு எந்தக் குறையுமில்லை. ஆனால் கண்டகி ஆறு உருட்டி வந்ததில் அது இருந்த அடுக்கு தெரியாமல் போயிற்று. சாட்சிக்கு அழைக்க முடியாது.

இங்கே அப்படியில்லை. புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-இல் இந்த அடுக்குகளைப் பிரித்து எழுதினார். தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா அவற்றின் உயிர்களை விவரித்தார். அம்மோனைட்டுகளில், திருகிச் சுருண்ட டரிலைட்டிஸ் ஊட்டத்தூர் அடுக்கில். நேராக நீண்ட பாக்குலைட்டிஸ் அரியலூர் அடுக்கில்.

"சார், வரிசை சரி. ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று எப்படிச் சொல்வது?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி, வரிசை மட்டும் வம்சாவளி ஆகாது. அதற்கு நல்ல நிலையில் உள்ள சுருளை மையம்வரை உரித்துப் பார்க்க வேண்டும். குஞ்சாக இருந்தபோது போட்ட முதல் தடுப்புகளின் கோடு எளிமையானது. வெளியே வர வர நெளிவு கூடும். இவற்றைவிட மிகப் பழைய பாறைகளில் கிடைக்கும் அம்மோனைட் உறவினங்களுக்கு, வளர்ந்த பிறகும் அந்த எளிய கோடுதான்.

நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் நாட்டிலஸின் உறவு கிடைக்கிறது. அம்மோனைட் இல்லை. இருந்தாலும் மத்தியானம் வரை தேடச் சொல்வேன். யாராவது ஒன்றோடு வந்தால் கல்லைப் பார்க்குமுன் அது கிடந்த இடத்தைப் பார்க்கப் போவேன்.