அடைக்கலப் பூனை

வீட்டு விலங்குகளுள் பூனை தனிப்போக்கு உடையது. பாலுக்காக ஆவைப் பழக்கினான் மனிதன். ஏருக்காக எருதைப் பழக்கினான். வேட்டைக்கும் காவலுக்கும் நாயைத் துணைகொண்டான். பூனையையோ அவன் தேடிச் சென்று பிடித்து வந்ததாகத் தெரியவில்லை. உழுது விளைத்த கூலத்தை அவன் சேர்த்து வைத்தான். கூலத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. வந்த பூனைக்கு அவன் இடம் கொடுத்தான் என்பர் அறிஞர். சைப்ரஸ் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில், மனித எலும்புக்கூட்டின் அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடந்தது. 2004ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட இச்செய்தி, அவ்வுறவின் பழமையை நமக்கு உணர்த்துகிறது.

பண்டைத் தமிழரும் பூனையினத்தைக் கூர்ந்து நோக்கியவரே ஆவர். காட்டுப் பூனையை அவர்கள் வெருகு என்றனர். மாலைப் பொழுதில் வேலியோரம் வெருகு வரக் கண்டு, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் கோழியைக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று காட்டுகிறது. முல்லை அரும்பின் கூர்மைக்கும் வெண்மைக்கும் வெருகின் பல்லை உவமையாகக் கூறும் வழக்கமும் சங்கப் புலவரிடம் இருந்தது. வெருகின் இளமைக்குக் குட்டி என்னும் பெயர் உரியது எனத் தொல்காப்பியம் கூறும். நாம் இன்று வழங்கும் பூனைக்குட்டி என்னும் சொல்லில் அம்மரபு இன்னும் வாழ்கின்றது.

இத்தகைய பழைய உறவுடைய உயிர், நகரத் தெருக்களில் இன்று படும் துன்பம் பெரிது. பெண் பூனை ஏறத்தாழ ஒன்பது வாரம் சூல் கொண்டு, ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகளை ஈனும். அக்குட்டிகள் அரையாண்டு நிறைவதற்குள் தாமும் சூல் கொள்ளும் பருவத்தை அடைதல் உண்டு. கருத்தடை செய்யாமல் பூனை வளர்ப்போர் சிலர், பெருகிவிட்ட குட்டிகளைச் சாக்குப் பையில் இட்டு, மீன் சந்தையிலோ கோயில் வாயிலிலோ விட்டு வருகின்றனர். “எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்” என்று தமக்குத் தாமே ஆறுதலும் கூறிக்கொள்கின்றனர். தாய்ப்பால் மறவாத குட்டி தெருவில் பிழைத்தல் அரிது. வளர்ந்த பூனைக்கும், பழகாத இடத்தில் பசியும் நாய்களும் விரைந்தோடும் ஊர்திகளும் அன்றோ காத்திருக்கின்றன?

இவ்வாறு கைவிடப்பட்ட உயிர்களுக்காக இரங்கிப் பணியாற்றியவர் பல நாடுகளிலும் உண்டு. இலண்டன் மாநகரில் 1860ஆம் ஆண்டில் மேரி டீல்பி என்னும் அம்மையார், வீடற்ற நாய்களுக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அதனைக் கண்டு நகையாடினோரும் இருந்தனர். இல்லமோ வளர்ந்தது. 1871இல் பேட்டர்சீ என்னும் பகுதிக்கு அது மாறியது. 1883 முதல் பூனைகளுக்கும் அங்கு இடம் கிடைத்தது. அவ்வில்லத்தில் இருந்த லாரி என்னும் பூனை, 2011ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பிரதமரின் இல்லத்திற்கு எலி பிடிப்பதற்காக அழைத்துச் செல்லப்பட்டது. அதன்பின் பிரதமர் பலர் மாறினர். தெருவில் திரிந்த லாரி மாறாமல் அங்கு இருந்தது. நம் சென்னையிலும், விமானியாகிய கேப்டன் வி. சுந்தரம், 1959ஆம் ஆண்டில் ‘புளூ கிராஸ்’ என்னும் விலங்கு நல அமைப்பினைத் தோற்றுவித்தார். இவை பெயர் பெற்ற அமைப்புகள். பெயர் அறியப்படாத சிறு காப்பகங்களும் உண்டு. சம்பளம் பெறாத தொண்டர் சிலர், அலுவலகம் செல்வதற்கு முன்னும் திரும்பிய பின்னும் கூண்டுகளைக் கழுவி, உணவிட்டு, மருந்து கொடுத்து அவற்றை நடத்தி வருகின்றனர்.

அத்தகைய சிறு காப்பகம் ஒன்றுக்கு, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் பேர்த்தியுடன் சென்றார். பேர்த்தி ஒன்பதாம் வகுப்பு மாணவி. துள்ளி விளையாடும் வெண்ணிறக் குட்டி ஒன்றை எடுத்து வரவேண்டும் என்பது அவளது விருப்பம். அங்கே குட்டிகள் பல இருந்தன. ஆயினும் அவளது பார்வை, மூலைக் கூண்டில் சுவரை நோக்கிப் படுத்திருந்த ஒரு கரும்பூனையின்மேல் சென்று நின்றது. அதற்கு வயது மூன்று இருக்கும். வால் பாதி இல்லை.

“இதை ஏன் ஒருவரும் எடுத்துச் செல்லவில்லை, அக்கா?” என்று வினவினாள் சிறுமி.

“இரண்டு முறை எடுத்துச் சென்றார்கள், அம்மா, இரண்டு முறையும் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். விளையாடவில்லை, ஒளிந்துகொள்கிறது என்றனர் முதல் வீட்டார். கறுப்புப் பூனை குறுக்கே போகிறது என்றனர் அடுத்த வீட்டார்” என்றார் தொண்டராகிய இளம்பெண்.

கரும்பூனை குறுக்கிடுதல் தீய நிமித்தம் என்று இங்கே அஞ்சுவோர் பலர். பிரிட்டனிலோ அதனையே நற்குறியாகக் கொள்வோர் உண்டு. பூனை தன் வழியே நடக்கிறது. நன்மையும் தீமையும் காண்போர் எண்ணத்தில் இருக்கின்றன. ஆசிரியர் அத்தகைய அச்சம் உடையவர் அல்லர். “இதனையே எடுத்துச் செல்வோம்” என்ற பேர்த்தியின் சொல்லுக்கு அவர் உடன்பட்டார்.

ஆனால், காப்பகத்தார் உடனே பூனையைக் கொடுத்துவிடவில்லை. வினாக்கள் பல கேட்டனர். குடியிருப்பது சொந்த வீடா, வாடகை வீடா? வீட்டுக்காரர் இசைவாரா? மாடிச் சன்னல்களுக்குக் கம்பிவலை உண்டா? ஊருக்குச் செல்லும் நாளில் உணவிடுபவர் யார்? நோயுற்றால் மருத்துவச் செலவு செய்ய இயலுமா? அவற்றுக்கெல்லாம் ஆசிரியர் பொறுமையுடன் விடை கூறினார். அடுத்த வினா அவரைச் சுருக்கெனத் தைத்தது.

“ஐயா, தவறாக எண்ணாதீர்கள். வீட்டில் வளரும் பூனை பதினைந்து ஆண்டும் வாழக்கூடும். தங்களால் இயலாத காலத்தில் இதனைப் பேணுபவர் யார்?”

அறுபத்தெட்டு வயது நிரம்பிய அவர் சிறிது நேரம் பேசவில்லை. அவ்வினாவில் மரியாதைக் குறைவு இல்லை என்பதை அவர் உணர்ந்தார். வாய் பேச இயலாத பூனைக்காக அப்பெண் பேசுகிறாள் அல்லவா? “என் மகளும் பத்திரத்தில் கையொப்பம் இடுவாள், அம்மா” என்றார்.

“தங்கள் இல்லத்தில் ஊன் உணவு உண்டா?”

“இல்லை, அம்மா. நாங்கள் சைவ உணவினர். பாலும் சோறும் குறைவின்றித் தருவோம்.”

“பாலும் சோறும் நாம் விரும்புபவை, ஐயா. பூனை ஊன் உண்டே வாழப் பிறந்தது” என்றார் தொண்டர்.

அவர் கூறியது உண்மையே. பூனையின் உடலுக்கு டாரின் என்னும் பொருள் இன்றியமையாதது. அதனைப் போதிய அளவில் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் பூனைக்கு இல்லை. ஊனிலும் மீனிலும் இருந்தே பெறுகிறது. டாரின் குறைந்தால் பூனையின் கண்ணொளி கெடும் என்பதை 1975ஆம் ஆண்டிலும், இதயமும் நோயுறும் என்பதை 1987ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். பூனைக்குப் பால் விருந்து என்று நாம் எண்ணுகிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கையே தரும்.

ஆசிரியர் தம் பேர்த்தியின் முகத்தைப் பார்த்தார். பிறகு கூண்டினைப் பார்த்தார். “என் நோன்பு எனக்கு உரியது, அதனை இதன்மேல் சுமத்த எனக்கு உரிமை இல்லை. பூனைக்கென ஆக்கி விற்கும் உணவை வாங்கி, பின்கட்டில் தனி ஏனத்தில் இடுவோம்” என்றார். கருத்தடையும் தடுப்பூசியும் முன்பே செய்யப்பட்டிருந்த அப்பூனை, ஒரு கூடையில் அவர்களுடன் வீடு வந்தது.

வந்த பூனை அலமாரியின் அடியில் புகுந்தது. பகலெல்லாம் அது வெளிவரவில்லை. இரவில் யாவரும் உறங்கிய பின்னரே உணவை உண்டது. மணல் தட்டினைப் பயன்படுத்தியது. விடியுமுன் மீண்டும் ஒளிந்தது. இவ்வாறு எட்டு நாள் கழிந்தன. ஒன்பதாம் நாள், சிறுமி பொறுமை இழந்து அலமாரியின் அடியில் கையை நீட்டினாள். பூனை கீறிவிட்டது. தாய் பதறினாள். ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, மகளை மருத்துவரிடம் அழைத்துச் சென்று தடுப்பூசியும் போடச் செய்தாள். வீடு திரும்பியதும், “இது நமக்கு வேண்டாம், அப்பா. கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்றாள். அவள் கூற்றிலும் நியாயம் இருந்தது. மறுநாள் காலையில் காப்பகத்திற்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவதென ஆசிரியர் முடிவு செய்தார்.

அன்றிரவு பேர்த்தி பாடம் படித்துக்கொண்டிருந்தாள். “தாத்தா, விருந்து, அடைக்கலம் இரண்டும் ஒன்றுதானா?” என்று கேட்டாள்.

முப்பது ஆண்டுகள் சிலப்பதிகாரம் கற்பித்தவர் அவர். அடைக்கலக் காதை அவர் நினைவுக்கு வந்தது. கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் கவுந்தியடிகள், அடைக்கலம் காத்தலின் சிறப்பைக் கூறும்போது, ஒரு குரங்கின் கதையையும் கூறுகின்றார். வீட்டில் உண்ட மிச்சிலை நாடி வந்த அக்குரங்கினை மக்களைப்போல ஓம்புமாறு, சாரணர் அம்மனைக்கிழத்திக்குச் சொன்னாராம்.

“ஒன்று அன்று, அம்மா. விருந்தாக வந்தவர்க்குத் திரும்பிச் செல்லத் தம் வீடு உண்டு. அடைக்கலமாக வந்தவர்க்கு…” என்று தொடங்கிய ஆசிரியர், சொல்லை முடிக்கவில்லை. அலமாரியின் அடியில் இரண்டு கண்கள் ஒளிர்ந்தன.

மறுநாள் அவர் காப்பகத்தாரோடு பேசினார். பூனையைத் திருப்பித் தருவதற்கு அன்று, வழி கேட்பதற்கே பேசினார். “ஓராண்டுக்குள் அது மூன்று வீடுகளைக் கண்டுவிட்டது, ஐயா. நான்காவது நாளில் நம்பவில்லையே, ஒன்பதாவது நாளில் நம்பவில்லையே என்று கணக்கிடாதீர்கள். அதன் அருகே இருங்கள், அதனைத் தொடாதீர்கள், உற்றுப் பார்க்காதீர்கள். பார்க்க நேர்ந்தால் கண்களை மெல்ல மூடித் திறவுங்கள்” என்றார் தொண்டர். இது வெறும் நம்பிக்கை அன்று. அவ்வாறு மெல்லக் கண் இமைக்கும் மனிதரைப் பூனைகள் விரும்பி அணுகுகின்றன என்பதை, இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

நாள்தோறும் மாலையில் ஆசிரியர் அவ்வறையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, வாய்விட்டு நூல் படித்தார். பேர்த்தி தரையில் அமர்ந்து வீட்டுக் கணக்குகளைச் செய்தாள். ஒருவரும் பூனையை அழைக்கவில்லை. பதினைந்தாம் நாள் அது அலமாரியின் விளிம்பில் படுத்தது. பதினெட்டாம் நாள் நாற்காலியின் அருகே வந்து அமர்ந்தது. சிறுமி மூச்சையும் அடக்கிக்கொண்டு பார்த்திருந்தாள். பூனை முன்கால்களை நீட்டிச் சோம்பல் முறித்து, வாயை அகலத் திறந்து கொட்டாவி விட்டது. கரிய முகத்தில் கூரிய வெண்பற்கள் தோன்றின.

“முல்லை அரும்பு! வெருகின் பல் என்று நீங்கள் சொல்வீர்களே, தாத்தா!” என்று மெல்லக் கூறினாள் அவள். அன்று முதல் அப்பூனைக்கு முல்லை என்பதே பெயராயிற்று. சில நாளில் அது, திருப்பி அனுப்பச் சொன்ன தாயின் காலடியிலேயே உறங்கத் தலைப்பட்டது. ‘என்னை விடாது போலிருக்கிறது’ என்று முணுமுணுத்துக்கொண்டே, அவளும் உறக்கம் கலையாதபடி காலை அசைக்காமல் இருந்தாள். விளையாட்டில் முல்லைக்கு இன்றும் நாட்டம் குறைவுதான். அதனை ஒருவரும் குறையாகக் கருதவில்லை.

வளர்ப்பு விலங்கினைத் தக்க காரணமின்றிப் பசியால் வாடுமாறு கைவிடுதல், 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். உயிர்களிடத்து இரக்கம் காட்டுதலை, நம் அரசியலமைப்புச் சட்டம் குடிமக்களின் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. சட்டம் கைவிடுதலைத் தண்டிக்கும். ஏற்றுக்கொள்ளும் மனத்தைத் தருவதற்கு அதனால் இயலாது. நம் விருப்பத்திற்கு ஏற்ற உயிரைத் தேடிக் கொணர்தல் எளிது. வந்த உயிரை அதன் உணவோடும் அச்சத்தோடும் இயல்போடும் ஏற்றுக்கொள்வதே அடைக்கலம் தருதல் ஆகும்.

முல்லை வீட்டிற்கு வந்த அன்று மாலையே, காப்பகத்தின் மூலைக் கூண்டு கழுவித் துடைக்கப்பட்டது. மழையில் நனைந்து, சாலையோரத்தில் கிடந்த வேறொரு பூனைக்கு அன்றிரவே அங்கு இடம் கிடைத்தது.