கணனிக்குப் பிடித்த பேய்

1996ஆம் ஆண்டு ஈஸ்ற்ஹாமில் ஒரு சின்னக் கடையில் கணனி திருத்தும் வேலை எனக்குக் கிடைத்தது. முன்பக்கத்தில் ரெலிபோன் காட்டும் வீடியோ கசற்றும். பின்பக்கத்தில் ஒரு மேசை, ஒரு விளக்கு, நான். அகதியாக வந்து நாலு வருடம் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்தவனுக்கு, கதிரையில் இருந்து செய்யும் வேலை என்பதே பெரிய காரியம். மாலை வகுப்பில் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் ரொட்டன்ஹாம் கோட் றோட்டில் மலிவாக வாங்கிய பழைய பெட்டிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகியது.

எம்மவர் வீடுகளுக்குக் கணனி வரத் தொடங்கிய காலம் அது. பிள்ளைகளின் படிப்புக்கென்று சீட்டுக்காசு எடுத்து வாங்கியவர்கள் பலர். அது பழுதானால் வீடு செத்தவீடு மாதிரித்தான்.

வந்த பழுதுகளில் பாதி பழுதே அல்ல. "தம்பி, சத்தமில்லாமல் செத்துப்போச்சு" என்று காரில் ஏற்றி வருவார்கள். பிளக்கைத் திறந்து பியூஸை மாற்றினால் உயிர் வந்துவிடும். ஊரில் உருண்டைக் கால் பிளக்குக்குள் பியூஸ் இருந்ததில்லை. இங்கே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒன்று இருக்கிறதென்று புதிதாக வந்தவருக்கு யார் சொல்வது? அதற்குக் காசு வாங்க எனக்கு மனம் வராது. முதலாளிக்கு வரும்.

ஒருவருக்கு ரொறன்ரோவிலிருந்து தமையன் கணனி அனுப்பியிருந்தார். அங்கே 120 வோல்ற், இங்கே அதைப்போல் இரண்டு மடங்கு. பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னச் சிவப்பு ஆளியைத் தள்ளாமல் செருகிவிட்டார்கள். டப்பென்று ஒரு சத்தம், வீடெல்லாம் கருகல் மணம். நல்ல காலம், மின்சாரம் கொடுக்கும் பகுதி மட்டும்தான் போனது.

இன்னொருவரின் கடிதமெல்லாம் 1980 ஜனவரி 1 என்று திகதியோடு வந்தது. உள்ளே இருக்கும் சின்ன பற்றரி தீர்ந்தால் பழைய கணனிகள் அந்தத் திகதிக்கே திரும்பிப் போகும். அவர் திரையைப் பார்த்தபடி இருந்துவிட்டுச் சொன்னார்: "அப்ப யாழ்ப்பாண நூலகம் எரியேல்லை, தம்பி." பற்றரியை மாற்றிச் சரியான திகதியைப் போட்டுக் கொடுத்தேன்.

இனிச் சொல்லப்போவது என் பிழை.

ஒரு அக்கா ஒரு பிளொப்பியோடு வந்தார். தகப்பன் ஊரில் காலமாகிவிட்டார். விசா இல்லாததால் இவரால் போக முடியவில்லை. அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பதற்காக, சிநேகிதி வீட்டில் இருந்து மூன்று இரவு தமிழில் தட்டியிருக்கிறார். வேறொரு கணனியில் போட்டால் எல்லாம் ஆங்கில எழுத்தாய்ச் சிதறிக் கிடக்கிறதாம். "பேய் பிடிச்ச மாதிரிக் கிடக்கு, தம்பி." நானும் போட்டுப் பார்த்தேன். ஒரே குழப்பம். வைரஸ் தேடினேன், அகப்படவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். "வைரஸ் தின்றுவிட்டது" என்று சொல்லி, பிளொப்பியை முழுதாக அழித்துச் சுத்தமாக்கிக் கொடுத்தேன். அவர் ஐந்து பவுண் தந்துவிட்டுப் போனார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஐயா அதே குழப்பத்தோடு வந்தார். அது அவருடைய மேன்முறையீட்டு வழக்குக்கான வாக்குமூலம். மருமகள் தன் வீட்டில் தட்டிக் கொடுத்தது. மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார், திங்கட்கிழமைக்குள் சொலிசிற்றரிடம் போகவேண்டும். இந்த முறை நான் அவசரப்படவில்லை. எழுத்துக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜே, கே, பீ, ஓ என்ற நாலு எழுத்தும் அதே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வந்தன. வைரஸ் தின்றது இப்படி ஒழுங்காகவா கிடக்கும்?

"ஐயா, இதில தமிழ் எண்ட சொல்லுக் கனக்க வருமோ?"

"தமிழன் எண்டபடியால்தானே தம்பி பிடிச்சவங்கள்."

அப்போதுதான் விளங்கியது. பாமினி எழுத்துருவில் ஜே என்ற விசை த, கே என்பது ம, பீ என்பது இகர விசிறி, ஓ என்பது ழ. கணனிக்குத் தமிழ் தெரியாது. அது ஆங்கில எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போடுகிறது. சட்டை இல்லாத கணனியில் அம்மணமாக நிற்கிறது, அவ்வளவுதான். ஒன்றும் அழியவில்லை.

மருமகளிடமிருந்து பாமினியை வாங்கி ஏற்றியதும் திரையில் தமிழ் வந்தது. பிறின்ரரிலோ மறுபடி ஆங்கிலம். அந்த லேசர் பிறின்ரர் நாங்கள் அனுப்பிய எழுத்துருவை விட்டுவிட்டுத் தன்னிடமிருந்ததைப் போட்டுக்கொண்டது. எழுத்தைப் படமாக அனுப்பச் சொல்லும் தெரிவு ஒன்றை மாற்றியபின் பதினொரு பக்கமும் ஒழுங்காக வந்தது. ஐயா ஒவ்வொரு பக்கமாகத் தடவிப் பார்த்தார், வாசிக்கவில்லை.

இப்போது யுனிகோட்டில் தமிழுக்கென்றே தனி எண்கள் இருப்பதால் கைபேசியிலும் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் தட்டிய கோப்புகள் உங்கள் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கலாம். திறந்ததும் குழப்பமாகத் தெரிந்தால் எறிந்துவிடாதீர்கள். பாமினியில் இருந்து யுனிகோட்டுக்கு மாற்றித் தரும் வசதிகள் இருக்கின்றன.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். வைரஸ் இல்லை, நான்தான் அழித்தேன் என்று வாசலிலேயே சொன்னேன். அவர் கதவை முழுதாகத் திறக்கவில்லை. அந்தியேட்டி முடிந்துபோயிருந்தது. ஐந்து பவுணை நீட்டினேன், வாங்கவில்லை. கனநேரம் கழித்து, "திவசத்துக்கு இன்னும் பதினொரு மாதம் கிடக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு கடையிலிருந்து ஒரு பழைய கணனியைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் சொல்லச் சொல்ல நான் இரண்டு விரலால் தட்டினேன். முதலில் எழுதியது அப்படியே ஞாபகம் வரவில்லை என்று இடையிடையே நிறுத்தினார். பத்து மணிக்குத் தேத்தண்ணி தந்தார். நாலு பிளொப்பியில் பிரதி எடுத்தேன்.