சுவரும் வாயிலும்



சில ஆண்டுகளுக்கு முன் இச்சமவெளிப் பங்கு ஒன்றில் பணிபுரிந்தபோது, ஓர் இரவு ஆலய உண்டியல் உடைக்கப்பட்டது. போன தொகை சிறிதுதான். எங்களைப் பற்றிய அச்சமோ பெரிது. பங்குப் பேரவை கூடியது. இடுப்பளவே இருந்த சுற்றுச்சுவரை எட்டடி உயர்த்தினோம். அதன்மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தோம். மாலை ஆறு மணிக்கு இரும்புக் கதவைப் பூட்டிச் சாவியை என் மேசையில் வைக்கச் சொன்னேன். அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அடுத்த மாதம் மறைக்கல்வி மாணவர்களை நாமக்கல் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். ஊரின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கிறது அப்பாறை; உயரம் ஏறத்தாழ 65 மீட்டர். அதன் பக்கங்களைக் குடைந்து, எட்டாம் நூற்றாண்டில் அதியமான் மரபினர் நரசிம்மருக்கும் அரங்கநாதருக்கும் எடுத்த குகைக் கோயில்கள் உள்ளன. உச்சியில், ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பை வளைத்து நிற்கிறது கோட்டை மதில். மேலே செல்லப் பாறையிலேயே வெட்டிய குறுகிய படிகள். படை திரண்டு வந்தாலும் வரிசையாகத்தான் ஏறியாக வேண்டும். மதிலின் மேல்விளிம்பிலுள்ள துளைகளின் வழியே, உள்ளிருப்பவன் தன்னைக் காட்டாமலே சுடலாம்.

இத்தகைய அமைப்பு நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காத்லாந்து நாட்டுச் சிற்றரசர்களும் நிலக்கிழார்களும் இதே எண்ணத்தோடு கோபுர வீடுகளைக் கட்டினர். பாறை இல்லாத இடத்தில் வீட்டையே பாறைபோல் உயர்த்தினர் எனலாம். தடித்த சுவர்கள், ஒரே ஒரு குறுகிய வாயில், கீழே தானியக் கிடங்கு, அதன்மேல் கூடம், அதற்கும் மேலே படுக்கையறைகள், ஒருவர் பின் ஒருவராகவே ஏறக்கூடிய சுழற்படிகள். எல்லைப்புறத்து நிலக்கிழார்கள் மதில் எழுப்பியே தீரவேண்டும் என்று 1535-இல் அந்நாட்டில் சட்டமே இயற்றினர். காலம் மாறிக் கொள்ளையரின் அச்சம் தணிந்தபின், அதே சுவர்கள் பலவற்றில் பெரிய சன்னல்களைத் திறந்தனர். அந்தச் செய்தியைக் குருமட நாட்களில் படித்தபோது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை.

நாமக்கல் கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்பர். மைசூர் அரசின் அதிகாரி இலட்சுமி நரசய்யா என்பாரும் உளர். இராமச்சந்திர நாயக்கரின் பெயர் நம் திருச்சபை வரலாற்றிலும் உண்டு. 1623-ஆம் ஆண்டு, மதுரையிலிருந்து வடக்கு நோக்கிப் பயணம் செய்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியைச் சேந்தமங்கலத்தில் அன்புடன் வரவேற்றவர் அவரே. அந்நியராய் வந்த அருட்தந்தைக்கு அவர் வாயிலைத் திறந்தார்.

கோட்டையின் பின்வரலாறு வேறு வகை. 1768-இல் ஆங்கிலேயத் தளபதி கர்னல் வுட் ஐதர் அலியின் படையிடமிருந்து அதைக் கைப்பற்றினார். சில மாதங்களுக்குள் ஐதரே அதை மீட்டுக்கொண்டார். இதைச் சொன்னபோது ஒரு சிறுவன் கேட்டான்: "இவ்வளவு பெரிய சுவர் இருந்தும் எப்படிங்க சாமி பிடிச்சாங்க?"

"சுவர் தானாகப் போரிடாது, தம்பி" என்றேன். அவன் நிறைவடைந்ததாகத் தெரியவில்லை. இன்று அங்கே படை இல்லை, பீரங்கி இல்லை. பெருமாள் கோயிலும் ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. காக்க வந்தவர்கள் போய்விட்டனர். வேண்ட வருபவர்கள் இன்றும் படியேறுகின்றனர்.

மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின், எங்கள் பங்கைச் சேர்ந்த வயது முதிர்ந்த தாய் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் மகன் லாரி ஓட்டுநர். வடநாட்டுக்குப் பாரம் ஏற்றிச் செல்பவர். மகன் திரும்பும் நாள்வரை, வேலை முடிந்து மாலைதோறும் மாதா கெபியின்முன் சற்றுநேரம் அமர்ந்து செல்வது அத்தாயின் வழக்கம். "சாயங்காலம் கண்ணுல படறதே இல்லையேம்மா" என்றேன்.

"வந்தனுங்க சாமி. கதவு பூட்டியிருந்துதுங்க. சுவத்தத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டனுங்க."

குறை சொல்லும் தொனி அவர் குரலில் சிறிதும் இல்லை. அதுவே என்னை அதிகம் சுட்டது. நான் எழுப்பிய சுவர் ஒரு திருடனையாவது தடுத்ததா என்பதை அறியேன். அத்தாயைத் தடுத்தது என்பதை அறிவேன். அந்த முற்றத்தில் விளையாடிய பிள்ளைகளும், குழாயில் தண்ணீர் பிடிக்க வந்த கோழிப்பண்ணைத் தொழிலாளரும் வராமல் போனதை அதன்பின்பே எண்ணிப் பார்த்தேன்.

பேரவையை மீண்டும் கூட்டினேன். எளிதில் இசைவு கிட்டவில்லை. அவர்களது அச்சமும் நியாயமானதே. இறுதியில் சுவரை விட்டுவைத்து, கெபியின் பக்கமாக ஒரு சிறு வாயிலைத் திறந்தோம். கண்ணாடிச் சில்லுகளை உடைத்தெறிந்தோம். இரவு ஒன்பது மணிவரை அவ்வாயில் திறந்தே இருக்கும் என்று அறிவித்தேன். அதன்பின் ஒருமுறை பித்தளைக் குழாய் களவு போயிற்று. வேறொன்றை வாங்கிப் பொருத்தினோம். அந்தத் தாயோ, மகன் ஊர் திரும்பும்வரை, முன்போலவே மாலைதோறும் வந்து அமர்ந்தார்.

நம் இல்லங்களிலும் சுவர்கள் உயர்ந்து வருகின்றன. அவற்றை இடித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இன்று மாலை உங்கள் கதவைப் பூட்டுமுன், வெளியே யாரேனும் நிற்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள், அதுவே போதும்.