குடும்ப நோயை மறைக்கலாமா?

நமது அத்தை, தந்தையாருடன் பிறந்தவர், பேராக் மாநிலத் தோட்டமொன்றின் லயத்து வீட்டில் 1979-ஆம் ஆண்டு மாண்டார். வயது 41. மார்பிலே கண்ட கட்டியைச் செய்வினை என்றனர் சிலர். தலைவிதி என்றனர் பலர். வீட்டாரோ வயிற்றுவலி என்று ஊருக்குச் சொல்லி வாயை மூடிக்கொண்டனர். மணமாகாத பெண்கள் வீட்டிலிருந்தமையே காரணம்.

2017-ஆம் ஆண்டில் நம் தமக்கையாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. சிகிச்சை செய்த மருத்துவர், மரபணு ஆலோசகரையும் காணுமாறு கூறினார். உடன் சென்றோம். ஆலோசகர் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, ஆடவர்க்குச் சதுரமும் பெண்டிர்க்கு வட்டமும் வரைந்து, மூன்று தலைமுறையினர் கொண்ட நோயையும் அது கண்ட வயதையும் வினவினார். தாய்வழியில் எவருமில்லை என்றோம். "தந்தை வழியில்?" என்றார். நாம் திகைத்தோம். தமக்கையார் தலைகுனிந்து, "அத்தைக்கு வந்தது வயிற்றுவலியன்று" என்றார். பத்து வயதில் அத்தையின் புண்ணுக்குத் துணி மாற்றியவர் அவரே! 38 ஆண்டுகள் மூடிக்கிடந்த உண்மை அன்றுதான் வெளிப்பட்டது.

புற்றுநோய்களில் நூற்றுக்கு 5 முதல் 10 வரையே பரம்பரையாய் வருவன. பிஆர்சிஏ-1 என்னும் மரபணு 1994-இலும், பிஆர்சிஏ-2 என்பது 1995-இலும் கண்டறியப்பட்டன. உயிரணுக்களில் நேரும் பழுதைச் செப்பனிட உதவுவன இவை. இவற்றில் பிறவிக் கோளாறு இருப்பின் மார்பகம், சூலகம் முதலியவற்றில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு மிகும். கோளாறுடையவர் தந்தையாயினும் தாயாயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது சேரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

ஆலோசகர் எதனையும் கட்டளையிடவில்லை. சோதனையை முதலில் நோயுற்றவர்க்குச் செய்வதே முறை என்றும், முடிவு சிலபோது தெளிவின்றி வரும் என்றும், வேண்டாமென விலகவும் உரிமையுண்டு என்றும் விளக்கினார். தமக்கையாரிடம் பிஆர்சிஏ-2 கோளாறு காணப்பட்டது. பின்னர் நம்மிடமும் காணப்பட்டது.

அப்பொழுது நம் மகளுக்கு மணம் பேசிக்கொண்டிருந்தோம். "மறைத்துவிடுங்கள்" என்றனர் உறவினர். ஈரிரவு உறக்கமில்லை. மூன்றாம் நாள் மகளிடம் சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு தானே ஆலோசகரைக் காணச் சென்றாள். அவள் சோதனை செய்தாளா, முடிவு யாது என்பதை ஈண்டு எழுதோம், அது அவளுடையது. பேசிய சம்பந்தம் தட்டிப்போயிற்று. போகட்டும்!

அன்று மறைத்தவர்கள் கொடியவரல்லர், அஞ்சியவர்கள். ஆயினும் அத்தையின் நோயை நாம் முன்னரே அறிந்திருந்தால், தமக்கையார் ஆண்டுதோறும் மார்பகப் படமெடுத்து, நோயை அரும்பிலேயே கண்டிருக்கக்கூடும். கோளாறு உண்டென அறிந்தவர்க்குக் காந்த அலைப் படம், தடுப்பு மருந்து, அறுவை முதலிய வழிகள் இன்றுண்டு. ஆடவரும் விலக்கல்லர், விந்துச் சுரப்பிப் புற்றுநோய்க்கான சோதனையை நாமும் தவறாது செய்து வருகின்றோம்.

தோழர்களே! கலியாணத்திலும் கருமாதியிலும் கூடும்பொழுது, மாண்டவர் எந்நோயால், எவ்வயதில் மாண்டார் என்று முதியோரைக் கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். பிள்ளைகளுக்கு நகையும் நிலமும் விட்டுச்செல்ல இயலாதார் பலர். இவ்வுண்மையை விட்டுச்செல்ல எவர்க்கும் இயலும்.