அகலக்கோண லென்ஸும் மாட்டுங்காவின் பெயர்ப்பலகைகளும்

புதிய கேமராவும் 16 மி.மீ. அகலக்கோண லென்ஸும் கைக்கு வந்த ஆய்வு மாணவர் முதலில் தேடுவது நெரிசலான ஒரு தெருவை. மும்பைத் தமிழரின் மொழியை ஆய்பவராயின், அத்தெரு மாட்டுங்காவின் பூச்சந்தையாக இருப்பதில் வியப்பில்லை. மல்லிகைச் சரம், வாழையிலைக் கட்டு, கடைக்கு மேலே பெயர்ப்பலகை ஆகிய யாவும் ஒரே சட்டகத்துள் அடங்கிவிடுகின்றன. 35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள உணரியில் 50 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை ஏறத்தாழ 47 பாகையைக் காணும், 16 மி.மீ. லென்ஸோ 107 பாகையைக் காணும். முதல் நாள் மகிழ்ச்சிக்கு இக்கணக்கே காரணம்; எச்சரிக்கைக்கும் அதுவே காரணமாதல் வேண்டும்.

பொதுவெளியில் எழுதப்பட்ட மொழிகளை ஆராயும் மொழி நிலக்காட்சி ஆய்வு, லாண்ட்ரி, போர்ஹிஸ் ஆகியோரின் 1997ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப்பின் பரவலாயிற்று. அதன் முதன்மைச் சான்று ஒளிப்படமே. எந்த எழுத்து பெரிது, எது சிறிது என்பதிலிருந்து மொழிகளின் தகுதி கணிக்கப்படுகிறது. மகாராஷ்டிரத்தில் இது சட்டத்தையும் தொடும் செய்தி: 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடைப்பலகையில் மராத்தியின் தேவநாகரி எழுத்து பிற எழுத்துகளைவிடச் சிறிதாக இருத்தலாகாது.

இனி லென்ஸின் இயல்பைக் காண்போம். சம அளவுள்ள இரு பலகைகளில் ஒன்று 1 மீட்டர் தொலைவிலும் மற்றொன்று 4 மீட்டர் தொலைவிலும் இருப்பின், படத்தில் முன்னது பின்னதைப்போல் நான்கு மடங்கு பெரிதாகும். 9 மீட்டர் பின்வாங்கி நின்றால் தொலைவுகள் 10, 13 மீட்டர் ஆகும், வேறுபாடு 1.3 மடங்காகச் சுருங்கும். ஆகவே அளவை மாற்றுவது லென்ஸ் அன்று, நிற்குமிடமே. அகலக்கோணம் நெருங்கி நிற்க இடந்தருகிறது, அவ்வளவே. கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தாலோ, பலகையின் மேல்வரி கீழ்வரியைவிடச் சிறுத்துவிடும். சட்டத்திற்கு இணங்கிய கடைக்காரரும் படத்தில் இணங்காதவராகத் தோன்றக்கூடும்.

பின்வாங்க இடமுண்டா என்பதை ஊரமைப்பு தீர்மானிக்கிறது. 1896இல் தோன்றிய பிளேக் நோய்க்குப்பின் 1898இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, மாட்டுங்காவைத் திட்டமிட்டு விரித்தது. ஐந்து தோட்டங்களைச் சுற்றிய அகன்ற சாலைகளில் பத்து மீட்டர் விலகுதல் எளிது. பூச்சந்தையில் இரண்டடி விலகினாலும் பின்னிருப்பவரின் கூடை காலில் இடறும். ஒரே மாணவர் ஒரே நாளில் எடுத்த இருவகைப் படங்களை அருகருகே வைத்து, சந்தையில் ஒரு மொழி ஓங்கியது, சாலையில் தேய்ந்தது என்று எழுதினால், அவர் அளந்தது மொழியை அன்று, தெருவின் அகலத்தை.

இதற்குத் தீர்வு உண்டு. உணரி பலகைக்கு இணையாக இருக்குமாறு நேர் எதிரே நின்று எடுத்தால், ஒரே பலகையிலுள்ள எழுத்துகளின் விகிதம் மாறாது. வெவ்வேறு பலகைகளை ஒப்பிட வேண்டின், தனித்தனியே எடுத்து, தொலைவையும் குவியத் தூரத்தையும் குறிப்பேட்டில் பதிதல் வேண்டும். கைப்பேசிகளின் முதன்மைக் கேமராவும் பெரும்பாலும் 24 மி.மீ. அளவுக்கு நிகரான அகலக்கோணமே என்பதால், புதிய கருவி வாங்காதோருக்கும் இவ்விதி பொருந்தும். சூழலைக் காட்ட ஒரு விரிந்த படம், எழுத்தை அளக்க ஒரு நேர்ப்படம்: மாட்டுங்காவின் ஒவ்வொரு கடைக்கும் இவ்விரண்டும் தேவை.