தோள்மூட்டும் ஆறு கிழமைகளும்

மனித உடம்பிலே தோள்மூட்டைப் போலச் சுதந்திரமாக அசையும் மூட்டு வேறில்லை. அச்சுதந்திரத்துக்கு அது கொடுக்கும் விலையும் பெரிது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை ஆழமற்ற குழியொன்றிலே, தட்டில் வைத்த பந்தென இருக்கின்றது. குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள நார்க்கசியிழைய வளையமும் இணையங்களும் தசைகளுமே அதற்குக் காவல். முதன்முறை மூட்டு முன்புறமாக விலகும்போது அவ்வளையம் பெரும்பாலும் கிழிந்துவிடுகின்றது. கிழிந்தது உரிய இடத்தில் ஒட்டாவிடின், பின்னர் சட்டை மாட்டக் கை உயர்த்தினாலும் தோள் கழன்றுவிடும். இளவயதினருக்கே இவ்வாறு மீண்டும் மீண்டும் நேர்வது அதிகம்.

பண்டைக் கிரேக்க வைத்தியர் அக்குளிலே பழுக்கக் காய்ச்சிய இரும்பாற் சுட்டு, தழும்பின் இறுக்கத்தால் மூட்டை நிறுத்த முயன்றனர். (நோயாளியின் அலறலை எவரும் பதிந்து வைக்கவில்லை.) இங்கிலாந்தின் பாங்கார்ட் 1923இல், கோளாற்றின் வேர் அவ்விளிம்பின் கிழிவே எனக் காட்டி, அதனை எலும்போடு மீளத் தைக்கும் முறையை எழுதினார். எலும்பே தேய்ந்திருப்பின், அருகிலுள்ள கொக்கி போன்ற எலும்புமுனையை வெட்டிக் குழியின் முன்விளிம்பிலே திருகாணியாற் பொருத்தும் வழியைப் பிரான்சின் லத்தார்ஜே 1954இல் வெளியிட்டார். இன்று சிறு துளைகளினூடாகவே தையலை முடித்துவிடுகின்றனர்.

கரும்பலகையில் எழுதும்போது நான்கு தடவை கழன்ற எமது வலத்தோளும் அவ்வாறே தைக்கப்பட்டது. அடுத்த கட்டிலிலே சந்தையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை ஒருவர். அதே கிழிவு, அதே சத்திரசிகிச்சை. இருவரும் ஒரு சதமேனும் கொடுக்கவில்லை. இந்நாட்டு மக்கள் பெற்ற பேறுகளில் இது சிறியதன்று.

வேற்றுமை வாட்டுக்கு வெளியே தொடங்கிற்று. ஆறு கிழமை கையைத் தூக்குக்கட்டில் வைத்திருக்க வேண்டும், பின்னர் பயிற்சி, பாரந் தூக்க ஆறு மாதமாவது செல்லும் என்றார் வைத்தியர்.

"ஆறு மாசமோ, மாஸ்டர்? ஆறு நாள் போகாட்டி என்ரை இடத்திலை வேறை ஆள் நிப்பான்."

எமக்குச் சம்பளத்துடன் லீவு கிடைத்தது. கையை ஊஞ்சல்போல் ஆட்டிப் பழகவும், சுவரிலே விரல்களை மெல்ல மெல்ல ஏற்றவும், தோளைச் சூழ்ந்த தசைகளை வலுப்படுத்தவும் எமக்குப் பொழுதிருந்தது. தைப்பது ஒரு நாள் வேலை. தைத்ததை உடம்பு தனதாக்கிக்கொள்ள மாதங்கள் வேண்டும். அம்மாதங்களை அவருக்கு யார் கொடுப்பார்? 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கின்றதே எனலாம். அதன்படி கேட்பதற்கு முதலில் எசமானைக் காட்டவேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று நாளுக்கொரு கடையிற் கூலி பெறுபவர் எவரைக் காட்டுவார்?

பயிற்சிக்கு அவர் இருமுறைதான் வந்தார். மூன்றாம் மாதம் சந்தையிலே கண்டோம். மூட்டை இடத்தோளில் இருந்தது.

"வலக்கை எப்படி, அண்ணை?"

"கிடக்குது மாஸ்டர்" என்றவர், நில்லாது லொறியை நோக்கி நடந்தார்.